ரேர் கேஸ் மட்டும்தான் அனுப்ப வேண்டுமா?

மருத்துவ மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஒரு கேஸின் அல்லது ஆய்வின் சுருக்கம், அனுப்பக் கடைசித் தேதி நெருங்கினால் எங்கள் துறையில் பிஜி மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மேடம், ரேர் கேஸ் ஏதாவது இருக்கா?"

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வரும் தொற்றுகளைப் பார்ப்பது என் வேலை. புது உறுப்பை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க எதிர்ப்புசக்தியை மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருக்கிறோம். அதனால் இந்த வார்டில் ரேர் கேஸுக்குப் பஞ்சமே கிடையாது. பெயர் வாயில் நுழையாத பூஞ்சை, மண்ணில் கிடக்கும் பாக்டீரியா, முப்பது வருடம் சத்தமில்லாமல் குடலில் இருந்துவிட்டு இப்போது கிளம்பும் புழு, எல்லாம் வரும். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது வேறு. "போன வருஷம் நம்ம கிட்னி மாற்று நோயாளிகளில் எத்தனை பேருக்கு டிபி வந்தது? யாராவது எண்ணினீங்களா?"

அரிதான கேஸை அனுப்பவே கூடாது என்று சொல்லவில்லை. அரிது என்பது மட்டுமே அனுப்புவதற்குக் காரணமாக இருக்கக் கூடாது என்கிறேன். 'தென்னிந்தியாவில் முதல் முறை' என்று தலைப்பில் போட்டுவிட ராத்திரி முழுக்க பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி நேரம் கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்தால், படிப்பவருக்கு நிஜமாகவே உதவக்கூடிய ஒரு தகவல் கிடைத்துவிடும்.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது ஒரு கால அட்டவணை. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ராபர்ட் ரூபினும் ஜே ஃபிஷ்மேனும் வளர்த்தெடுத்தது அது. முதல் மாதம் அறுவை சிகிச்சையையும் மருத்துவமனையையும் ஒட்டிய தொற்றுகள். ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை, எதிர்ப்புசக்தி அடிமட்டத்தில் இருக்கும்போது வாய்ப்புப் பார்த்து நுழைபவை. ஆறு மாதத்துக்கு அப்புறம் ஊரில் எல்லோருக்கும் வருகிறவை. காய்ச்சலோடு ஒருவர் வந்ததும் 'மாற்று நடந்து எத்தனை நாள் ஆகிறது' என்று எல்லோரும் கேட்பது இந்த அட்டவணையை மனதில் வைத்துத்தான். அருமையான கருவி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நோயாளி எந்த ஊரில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்து அதில் உள்ள கட்டங்கள் நகரும் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய வழிகாட்டுதல்களில் அதிக ஆபத்து உள்ளவர் யார்? வைரஸ் உள்ள டோனரிடமிருந்து உறுப்பு வாங்கிய, அதுவரை அந்த வைரஸையே பார்த்திராத நோயாளி. நம் ஊரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே அது வந்து போயிருக்கும். ஆகவே கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் பாசிட்டிவாக இருப்பதுதான் இங்கே வழக்கம். அவர்களின் பெரிய ஆய்வுகள் அதிகம் கவலைப்படுவது நம்மிடம் குறைவாக இருக்கும் குழுவைப் பற்றி. நம்மிடம் நிறைந்திருக்கும் குழுவுக்கு, இந்த வைரஸைத் தடுக்கும் வால்கன்சிக்ளோவிர் மாத்திரை எத்தனை நாள், எந்த அளவு, யாருக்குக் கொடுக்காமலேயே ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்பதையெல்லாம் நாம்தான் எழுதியாக வேண்டும். மாத்திரையின் விலை குடும்பத்தை அமுக்குகிற ஊரில் இது சாதாரணக் கேள்வியே இல்லை.

காசநோய் இன்னும் தெளிவான உதாரணம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சிஎம்சியில் நடந்தது. அதே மருத்துவமனை 1986 முதல் 1999 வரை தங்களிடம் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 1,251 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் 166 பேருக்கு, அதாவது 13.3 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் ஒரு சர்வதேச இதழில் எழுதியது. 'முதல் முறை' என்ற வார்த்தைக்கு அதில் இடமில்லை. பல வருடம் விடாமல் எண்ணினார்கள், யாருக்கு வருகிறது என்று பார்த்தார்கள், எழுதினார்கள். இன்றும் மாற்று நோயாளிகளின் காசநோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த எண்ணை எடுத்துப் பேசுகிறார்கள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் எங்களைத் தினமும் வாட்டும் பிரச்சினை ஒன்று உண்டு. டிபிக்கு முதுகெலும்பான மருந்து ரிஃபாம்பிசின். அது கல்லீரலில் உள்ள நொதிகளை முடுக்கிவிடும். எதிர்ப்புசக்தியைக் குறைத்து உறுப்பைக் காப்பாற்றும் டாக்ரோலிமஸ் அதே நொதிகள் வழியாகத்தான் உடைகிறது. ரிஃபாம்பிசின் தொடங்கியதும் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும், உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும். டோஸை இரண்டு மூன்று மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும், சில சமயம் அதற்கும் மேலே. டிபி மருந்தை நிறுத்தும் நாளில் டோஸைக் குறைக்க மறந்தால் எதிர்ப்பக்கம் விபரீதம். ரிஃபாம்பிசினைத் தொடாமல் வேறு கூட்டு மருந்தில் போகலாமா, ரிஃபாபுடின் போதுமா என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் போனவர்களின் கிட்னி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்தந்தத் துறையின் கோப்புகளிலேயே தங்கிவிடுகிறது. அனுப்ப வேண்டிய அப்ஸ்ட்ராக்ட் இது.

சரி, எழுத உட்கார்ந்தாயிற்று. வழக்கமாக 250, 300 சொற்கள்தான் கொடுப்பார்கள். இந்த இடத்தில் மதிப்பீட்டாளராகவும் பேசுகிறேன், சில மாநாடுகளுக்கு அப்ஸ்ட்ராக்ட்களைப் படித்து மார்க் போடும் வேலையும் செய்திருக்கிறேன். முதல் நான்கு வரி 'உறுப்பு மாற்றுக்குப் பிறகு தொற்றுகள் முக்கியமான பிரச்சினை' என்றே போயிருக்கும். படிப்பவர் எல்லோருக்கும் அது தெரியும். கேஸுக்கு வரும்போது இடம் தீர்ந்துபோய் 'தகுந்த ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது, நோயாளி குணமடைந்தார்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எந்த ஆன்டிபயாடிக்? எத்தனையாவது நாளில்? கல்ச்சர் ரிசல்ட் வருவதற்கு முன்பா பின்பா? டாக்ரோலிமஸ் குறைக்கப்பட்டதா? கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ன ஆயிற்று? பயன்படக்கூடிய அத்தனையும் வெளியே விழுந்திருக்கும்.

மாணவர்களுக்குச் சொல்லித்தர நானே கட்டிய ஒரு கற்பனை நோயாளி இருக்கிறார். சிறுநீரகம் மாற்றி ஐந்தாவது மாதம். இரண்டு வாரக் காய்ச்சல், நெஞ்சு சிடியில் முடிச்சுகள். சளியில் டிபி கிருமி தெரியவில்லை, ஆனாலும் டிபி என்றே வைத்து மருந்து தொடங்குகிறார்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு 8இலிருந்து 3க்கு இறங்குகிறது, கிரியாட்டினின் 1.2இலிருந்து 2.4க்கு ஏறுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. பிறகு நுரையீரலுக்குள் குழாய் விட்டு மாதிரி எடுக்கும் பிராங்கோஸ்கோபி. மைக்ரோபயாலஜியில் ஒருவர் ஸ்லைடை வழக்கமான அமிலத்துக்குப் பதிலாக ஒரு சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் போட்டு மறுபடி சாயமேற்றிப் பார்க்கிறார். கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிகின்றன. நோக்கார்டியா, மண்ணில் கிடக்கும் பாக்டீரியா.

இதை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் 'சிறுநீரக மாற்று நோயாளியில் நோக்கார்டியா: ஓர் அரிய கேஸ்' என்று தலைப்பு வைப்பார்கள். நோக்கார்டியா அவ்வளவு அரிதும் இல்லை. இந்தக் கேஸில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆதாரம் கிடைக்கும் முன்பே தொடங்கிய டிபி மருந்து ஒரு கிட்னியை ஆட்டம் காண வைத்தது, அதைத் திருப்பியது லேபில் செய்த ஒரு எளிய சாயம். தலைப்பிலும் முடிவிலும் அதுதான் வர வேண்டும். டிபி நிறைந்த ஊரில் வேலை செய்யும் டாக்டர் ஒருவர் மாநாட்டில் ஒட்டிய போஸ்டர் முன்னால் நின்று படித்தால், அடுத்த நாளே தன் லேபுக்குப் போன் போட்டு அந்தச் சாயத்தையும் சேர்த்துக் கேட்பார்.

தேதிகளை மாற்று நடந்த நாளிலிருந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எது, எந்த அளவு, சமீபத்தில் ரிஜெக்‌ஷனுக்காக ஸ்டீராய்டோ, எதிர்ப்புசக்தியை இன்னும் பலமாகக் குறைக்கும் ஏடிஜியோ போனதா என்பது இல்லாத கேஸ், அரைக் கேஸ்தான். பூஞ்சைத் தொற்று என்றால் உறுதியா, பெரும்பாலுமா, இருக்கலாமா என்று உலகளவில் ஒப்புக்கொண்ட வரையறை இருக்கிறது. டோனரிடமிருந்து வந்த தொற்றுக்கும் அப்படியே. அந்த வரையறைகளைப் பயன்படுத்தினால் நம் எண்ணை இன்னொருவர் தன் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். பழைய கோப்புகளை எண்ணும் ஆய்வுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி முன்கூட்டியே வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

அடுத்தது எனக்கு மிகவும் கனமான விஷயம். நம் அப்ஸ்ட்ராக்ட்களில் எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். கருப்புப் பூஞ்சை என்று சொல்லப்படும் மியூகோர் வந்த மாற்று நோயாளிகளில் எத்தனை பேர் வீடு திரும்புகிறார்கள் என்று அந்த வார்டில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். மாநாட்டு அரங்குக்குப் போனால் ஒவ்வொரு போஸ்டரிலும் ஆம்ஃபோடெரிசின் மருந்தும் அறுவை சிகிச்சையும் வென்றிருக்கும். யாரும் பொய் எழுதுவதில்லை. இறந்தவரின் கேஸ் ஷீட் எம்ஆர்டிக்கு, அதாவது ஆவணப் பிரிவுக்குப் போய்விடுகிறது, அதை வரவழைத்து மறுபடி திறக்க மனம் வருவதில்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆனால் இந்த அரங்கிலிருந்து திரும்பும் இளம் டாக்டர், இந்தச் சிகிச்சை இப்படித்தான் வேலை செய்யும் என்று நம்பிக்கொண்டு போகிறார். தன் நோயாளி இறக்கும்போது தவறு தன்மேல் என்று நினைக்கிறார். எந்த நாளில் முகம் மரத்தது, எந்த நாளில் ஸ்கேன், எந்த நாளில் சர்ஜன் பார்த்தார், இடையில் எத்தனை நாள் போயிற்று என்பதையெல்லாம் இறந்தவரின் கேஸ்தான் சொல்லும். அதனால் எங்கள் துறையிலிருந்து போகும் பட்டியலில் இறந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதியதால்தான் இந்தத் துறையே கண் திறந்தது என்று சொல்லலாம். அமெரிக்காவில் 2003இலும் 2005இலும் இரண்டு டோனர்களிடமிருந்து உறுப்பு பெற்ற எட்டுப் பேருக்கு எலிகள் வழிப் பரவும் எல்சிஎம் வைரஸ் தொற்றியது. ஏழு பேர் இறந்தார்கள். 2005இல் நடந்ததில் டோனரின் வீட்டில் வளர்ப்புக்கு வாங்கிய ஹாம்ஸ்டர் ஒன்று இருந்தது பிறகு தெரிந்தது. பிழைத்த ஒருவருக்கு எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தின் அளவைக் குறைத்து, ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒரே டோனரின் உறுப்புகளைப் பெற்றவர்கள் அடுத்தடுத்து நோய்ப்படுவதை இணைத்துப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள நிகழ்ச்சியும் உண்டு. ஜெர்மனியில் 2005 தொடக்கத்தில், உறுப்பு பெற்ற சிலருக்கு ரேபிஸ் வந்தது. டோனர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்து போனவர். மூவர் இறந்தார்கள். கல்லீரல் பெற்றவர் பிழைத்தார், அவர் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தவர். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவிலும் இதே மாதிரி நடந்து, அந்த டோனரை வௌவால் கடித்திருந்தது பின்னால் தெரியவந்தது. தெருநாய்க் கடி தினசரிச் செய்தியாக இருக்கும் நம் ஊரில், மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் 'நாய் கடித்ததா, எப்போது, ஊசி போட்டீர்களா' என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் யாரோ உட்கார்ந்து எழுதிய இந்தக் கேஸ்கள்.

தமிழ்நாட்டில் ஒரு டோனரின் இரண்டு கிட்னியும் கல்லீரலும் இதயமும், உறுப்புப் பகிர்வை நடத்தும் அரசு அமைப்பான டிரான்ஸ்டான் வழியாக வெவ்வேறு மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு ஐசியூவும் ஒரு நோயாளியை மட்டும் பார்க்கிறது. ஆகவே டோனரிடமிருந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் துளி வந்தாலும், அப்ஸ்ட்ராக்ட் எழுதுவது அப்புறம், முதலில் தகவல் சொல்ல வேண்டும். மற்ற உறுப்புகளைப் பெற்றவர்கள் இன்னும் சிகிச்சைக்கான நேரத்துக்குள் இருக்கலாம். கேஸை மாநாடு வரை மூடிவைத்து 'முதல் முறை' என்று காட்டுவது இந்த விஷயத்தில் மன்னிக்க முடியாதது.

டோனர் என்றதும் அடையாளத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 1971இல் லண்டனில் சிறுநீரக மாற்று நோயாளி ஒருவரின் சிறுநீரில் புது வைரஸ் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே வைரஸுக்குச் சூட்டினார்கள், பிகே வைரஸ். அந்த வைரஸ் மாற்றுச் சிறுநீரகத்தையே அழிக்கக்கூடியது என்பது 1990களில்தான் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவு காலத்துக்கு முன்பே அந்த ஒற்றைக் கேஸை எழுதிவைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முதலெழுத்துகள்கூட இன்று எங்கும் போடக் கூடாது.

நம் ஊரில் முதலெழுத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவரின் பெயரும் ஊரும் படமும் மறுநாள் பேப்பரில் வரும். 2023 செப்டம்பரிலிருந்து அவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் உண்டு. கலெக்டரே வந்து மாலை போடுகிறார், ஊரே பார்க்கிறது. மனதார வரவேற்கிற விஷயம் இது. இப்போது ஓர் அப்ஸ்ட்ராக்டில் 'இன்ன மாதம், இன்ன மாவட்டம், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த இன்ன வயது டோனர்' என்று எழுதினால், கூகுளில் இரண்டு நிமிடத்தில் குடும்பம் தெரிந்துவிடும். 'எங்க பிள்ளையோட கிட்னியால ஒருத்தர் செத்துப்போயிட்டாரா' என்று ஒரு தாய் கேட்கும் நிலைக்கு நாம் காரணமாகிவிடக் கூடாது. மாதம் வேண்டாம், மாவட்டம் வேண்டாம், வயதைப் பத்தாண்டு வரம்பில் சொன்னால் போதும். அறிவியலுக்கு எதுவும் குறைந்துபோகாது.

நோயாளியிடம் சம்மதம் வாங்குவதையும் கையெழுத்துச் சடங்காக்கிவிட்டோம். டிஸ்சார்ஜ் பேப்பர்களுக்கு நடுவில் ஒன்றாக நீட்டுகிறோம். நான் பார்த்தவரை, உட்கார்ந்து நிதானமாகச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. "ஐயா, உங்களுக்கு வந்த நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆச்சு. இதை மத்த டாக்டர்களுக்குச் சொன்னா அடுத்தவருக்குச் சீக்கிரம் கண்டுபிடிப்பாங்க. உங்க பேரு, முகம் எதுவும் வராது. வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. வாழ்நாள் முழுக்க நம்மிடம் மாத்திரைக்கு வர வேண்டியவர் 'இல்லை' என்று சொல்லத் தயங்குவார், அந்தத் தயக்கத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்தவர் என்றால் குடும்பத்திடம் கேட்கக் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும், போனில் கேட்கவும் கூடாது.

ஆசிரியர் பட்டியல் பற்றி ஒரே ஒரு சொல். மேலே சொன்ன கற்பனைக் கேஸில் நோயைப் பிடித்தவர் மைக்ரோபயாலஜிஸ்ட். நிஜத்தில் அப்படிப்பட்டவர் பெயர் விடுபட்டு, நோயாளியைப் பார்த்தே இராத பெரியவர் பெயர் கடைசியில் ஏறுவது நடக்கிறது. அது அநியாயம், மாற வேண்டும்.

அப்ஸ்ட்ராக்ட் ஏற்கப்பட்டு, போஸ்டர் ஒட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. பெரும்பாலும் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வு, பல துறைகளின் மாநாடுகளில் வந்த 3 லட்சத்துக்கும் அதிகமான அப்ஸ்ட்ராக்ட்களைப் பின்தொடர்ந்தது. முழுக் கட்டுரையாக வெளிவந்தவை 37.3 சதவீதம்தான். சாதகமான முடிவு உள்ளவையே அதிகம் வெளிவருகின்றன என்பதையும் அது காட்டியது. இறந்தவரின் கேஸ் இரண்டாவது முறையும் விடுபட்டுப்போகிறது. மாநாட்டில் வைத்ததை இதழுக்கு அனுப்ப முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்ஸ்ட்ராக்டாக வந்ததைப் பெரும்பாலான இதழ்கள் முன்பே வெளியானதாகக் கொள்வதில்லை. அனுப்பும்போது குறிப்பிட்டால் போதும்.

போஸ்டர் பக்கத்தில் நிற்கும் பிஜிக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்து அனுப்புவேன். நின்று படிக்கிறவர் கேட்கும் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும், பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தொற்றுநோய் மருத்துவர்கள் கூடும் சிஐடிஎஸ்கான் மாதிரி மாநாடுகளில் மதுரையிலிருந்தோ குவாஹாட்டியிலிருந்தோ வந்த ஒருவர் "எங்க கிட்டயும் இதே மாதிரி இரண்டு பேர் இருந்தாங்க" என்று சொன்னால் அவர் நம்பரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தனியாக இருந்தால் ஒரு கேஸ், நாலு ஊர் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. ஊர் திரும்பியதும் அந்த நோட்டையும் கேஸ் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து, நோயாளியின் ஒரு வருட கிரியாட்டினினையும் சேர்த்துக் கட்டுரையின் முதல் வரைவை எழுதச் சொல்கிறேன். அடுத்த மாநாட்டு அறிவிப்பு வருவதற்குள் அது இதழுக்குப் போயிருக்க வேண்டும்.